கருப்பட்டி போட்ட சங்கரா

பாம்பன் தாண்டி ரோட்டோரத்தில் புதிதாக எழும்பியிருக்கிற விடுதியிலிருந்து இரண்டு சமையல்காரர்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் கேட்டரிங் படித்தவர்கள், வெள்ளை வெளேரென்று சட்டை. இனிமேல் அங்கே ஜப்பான் சாப்பாடும் போடப் போகிறார்களாம்.

"நீங்க ஜப்பான்காரங்களுக்கே பொங்கிப் போட்ட ஆளாமே சார். ஒரிஜினல் ஜப்பான் டேஸ்ட் எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்றார்கள்.

"எந்த ஊரு ஜப்பான்?" என்று கேட்டேன்.

ஒருத்தன் மற்றவன் முகத்தைப் பார்த்தான். "ஜப்பான்தான் சார். அதுல என்ன ஊரு?"

"ஏப்பா, ராமநாதபுரம் சாப்பாடு எப்படி இருக்கும்னு ஒருத்தன் உங்கிட்ட கேட்டா என்ன சொல்லுவ? நயினார்கோவில்ல ஒண்ணு சொல்லுவான், புதுமடத்துல ஒண்ணு சொல்லுவான். பக்கத்து வீட்டுக்காரி வைக்கிற மீன் குழம்பே எங்க வீட்டுக்காரிக்கு ஆகாது."

காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போனார்கள். கிழவனுக்குத் தலைக்கனம் என்று தெருமுனையில் பேசியிருப்பார்கள். பேசட்டும். நடந்தது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லலாம்.

நான் தங்கச்சிமடத்துக்காரன், பெயர் சூசை. அய்யா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்குக் கடல் ஆகாது. வல்லத்தில் கால் வைத்தாலே வயிற்றைப் புரட்டும். கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். "பழகிரும்டா" என்று அய்யா எத்தனையோ முறை ஏற்றிக்கொண்டு போனார். பழகவில்லை. "மீனுக்கு இரை போடணும்னா சூசையைக் கூட்டிட்டுப் போங்க" என்று ஊரே சிரித்தது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாதவனுக்குப் பெண் கிடைப்பதே கஷ்டம். மண்டபத்தில் ஒரு மெஸ்ஸில் வெங்காயம் உரித்தேன். பிறகு அடுப்படிக்கு ஏறினேன். கடைசியில் உச்சிப்புளிப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரனாக உட்கார்ந்தேன், ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

கம்பெனியில் மீனின் சதையை மட்டும் எடுத்து அரைத்து, கட்டியாக உறைய வைத்து ஜப்பானுக்கு அனுப்புவார்கள். வாங்குகிறவர்கள் சும்மா வாங்கமாட்டார்கள். அவர்கள் ஆள் ஒருவர் இங்கேயே தங்கி, தினமும் சரக்கைக் கிள்ளிப் பார்த்து, வளைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் கண்டெய்னர் நகராது. அப்படி வருகிற ஆளுக்குச் சோறு போடுவது என் வேலை.

கெஸ்ட் ஹவுஸுக்கு மேனேஜர் நாகநாதன் சார். நயினார்கோவில் பக்கத்தில் நிலபுலனோடு வாழ்ந்த குடும்பம், சுத்த சைவம். வாழ்க்கையில் ஒரு மீன் முள்ளைக்கூடத் தொட்டதில்லை, ஆனால் மீன் கம்பெனியில் என் சமையலுக்கு மார்க் போடுகிறவர் அவர்தான். சத்தம் போடவே மாட்டார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு சொல்லுவார் பாருங்கள், அதைக் கேட்பதற்கு அடியே வாங்கிவிடலாம். ருசி பார்க்க முடியாதவர் ஆகையால் அவருக்கு ஒரே கணக்கு, தட்டு. விருந்தாளி சாப்பிடும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்பார். தட்டு காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். உடனே நான் போய் இன்னொரு கரண்டி வைக்க வேண்டும். "விருந்தாளி வெறும் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அது நம்ம கம்பெனிக்கே கேவலம்ப்பா" என்பார். அதில் எனக்கும் மறுப்பில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

முதலில் வந்தவர் நகமுரா. ஜப்பானுக்குத் தெற்கே, ககோஷிமா என்கிற ஊர்க்காரர். பெரிய தொந்தி, பெரிய சிரிப்பு. பிடிக்காவிட்டால் "நோ, நோ" என்று தட்டைத் தள்ளிவிட்டு நேராக அடுப்படிக்கே வந்துவிடுவார். எனக்கு ஜப்பான் சமையல் சொல்லித் தந்தது அவர்தான்.

அவர் ஊரில் மீன் வடை பேர் போனதாம். சங்கரா மீனைக் கழுவி, கரண்டியால் சதையைச் சுரண்டி, ஐஸ் தண்ணீரில் அலசி, துணியில் கட்டி ஒட்டப் பிழிய வேண்டும். அரைக்கும்போது முதலில் உப்பு மட்டும்தான். சதை பசை மாதிரி கையில் இழுபட்ட பிறகுதான் சர்க்கரை. நான் ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் போட்டு அரைத்தேன். எண்ணெயில் விட்டதும் எல்லாம் உதிர்ந்து போயிற்று. நகமுரா தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அரைக்கிற கல் சூடேறக்கூடாது என்பதற்காக நடுநடுவே ஐஸ் துண்டும் போட வேண்டும். தட்டித் தட்டி, மிதமான எண்ணெயில் பொன்னிறமாக எடுத்தால் வடை கடிக்கும்போது துள்ளும். நிஜமாகவே நன்றாக இருக்கும்.

ஆனால் அவருக்கு எல்லாமே இனிக்க வேண்டும். குழம்பு மீனும் சோயா சாஸில் சர்க்கரை போட்டுச் சுண்டியதுதான். அவர் ஊரில் ஒரு காலத்தில் சர்க்கரை தங்க விலையாம். வீட்டுக்கு வந்தவருக்கு இனிப்பைக் குறைத்தால் அவரை மதிக்கவில்லை என்று அர்த்தமாம். ஒருநாள் சர்க்கரை தீர்ந்துபோய், இருந்த கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஊர்ப் பக்கத்துத் தீவில் காய்ச்சுகிற கருப்புச் சர்க்கரை இதே வாசனைதானாம். அன்றிலிருந்து கெஸ்ட் ஹவுஸில் சங்கராவுக்குக் கருப்பட்டி என்று ஆகிவிட்டது. அவர் ஊர் திரும்பியபோது என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

அடுத்து வந்தவர் சாட்டோ. ஒல்லி, அமைதி. நடந்தால் சத்தம் கேட்காது. வந்த முதல் நாளே கருப்பட்டி போட்ட சங்கராவை வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு எழுந்து நின்று எனக்குக் குனிந்து கும்பிட்டு "ஓய்ஷி" என்றார். ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். நாகநாதன் சார் புருவம் உயர்ந்தது. இன்னும் இரண்டு துண்டு வைத்தேன். அதையும் முடித்தார். புருவம் மறுபடி உயர்ந்தது.

"ஏலே சூசை, இவருதாண்டா மனுசன். அந்தத் தொந்திக்காரர் மாதிரி நொட்டை சொல்லாம எப்படிச் சாப்பிடுறாரு பாத்தியா?" என்றார் சார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. வீட்டில் ஞானத்திடம், என் பெண்டாட்டியிடம், தினமும் அதே பேச்சுதான். "அம்புட்டு நல்லாவா சமைக்கிறீக? இங்கன ஒருநாளும் காணலையே" என்றாள்.

இப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் நாகநாதன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறியை நிறுத்தினார். அவர் அப்படிச் செய்தால் விஷயம் பெரிது.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. ஜப்பான் ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு. நம்ம சாட்டோ சார் ஊருக்குத் திரும்பணும்னு கேட்டிருக்காராம். சாப்பாடு ஒத்துக்கலையாம்."

"சாப்பாடா? தெனம் தட்டை வழிச்சுச் சாப்பிடுறாரே சார்! நீங்களே பாக்குறீகள்ல?"

"பாக்குறேன். அதனாலதான் எனக்கும் வெளங்கல. மாத்து ஆளு வர மாசக்கணக்கா ஆகுமாம். அதுவரைக்கும் கையெழுத்துக்கு ஆள் இல்ல, சரக்கு குளிர்ல கெடக்கும். முதலாளி என்னைக் கேப்பாரு, நான் யாரைக் கேக்க? சாயங்காலம் சாட்டோ சாரு ஆபீஸுக்குப் பேசுவாரு. முடிவு மாறலைன்னா மெட்ராஸ்லருந்து வேற சமையல்காரனைச் சொல்லியிருக்கேன். உனக்கென்னப்பா, சொந்தமா வல்லம் இருக்கு. அண்ணன்மாரோட கடலுக்குப் போயிக்க."

கடலைப் பற்றித் தெரிந்துதான் சொன்னார். இந்த வயதில் எவன் எனக்கு வேறு வேலை தருவான்? வல்லத்தில் ஏறி வாந்தி எடுத்துக்கொண்டே சாக வேண்டியதுதான் என்று நினைத்தேன். யோசித்து யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தட்டுப்பட்டது. நகமுரா சொன்ன மரியாதை. விருந்தாளிக்கு இனிப்பைக் குறைத்துவிட்டேன், மனுசன் நொந்து போயிருக்கிறார்! அன்று மதியச் சமையலுக்குக் கருப்பட்டியை இரண்டு பங்காக்கினேன். பாகு கம்பிப் பதத்துக்கு வந்துவிட்டது. மீனைத் தூக்கினால் நூல் இழுத்தது.

மதியம் சாட்டோ சாப்பிட வரவே இல்லை.

ஆலையில் தேடினேன், இல்லை. ஐஸ் அறையில் இல்லை. பின்பக்கம் மதிலை ஒட்டிக் கருவாட்டுக் களம் இருக்கிறது. கம்பெனிக்கு ஆகாத மீனை வாங்கிப் புதுமடத்து ஆயிஷா அக்கா அங்கே உப்புப் போட்டுக் காய வைப்பார். அங்கே எட்டிப் பார்த்தால், ஆயிஷா அக்காவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அலுமினியத் தட்டில் வெறுஞ்சோறும் சுட்ட கருவாடுமாகச் சாட்டோ அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"வாப்பா சூசை" என்றார் ஆயிஷா அக்கா. "ஏன் முழிக்கிற? இவுக தெனமும் சாயங்காலம் இங்கன வாராகளே, இன்னைக்குத்தான் மத்தியானமே வந்துட்டாக. முதல்ல மணம் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாக. பாவமா இருந்துச்சு, ஒரு துண்டு சுட்டுக் குடுத்தேன். நீ சோறு போடுறியா இல்ல பட்டினி போடுறியான்னு நானே உங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

கட்டின பெண்டாட்டி பக்கத்து வீட்டுச் சோற்றைப் புகழ்ந்தால் எப்படி இருக்கும், எனக்கு அப்படி இருந்தது. சாட்டோவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், எனக்குக் கொஞ்சம் அவர் பாஷை தெரியும், நடுவில் இரண்டு பேருக்கும் ஓட்டை இங்கிலீஷ். எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். "ஏன் சார், என் சாப்பாடு பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். தெனம் ஓய்ஷி ஓய்ஷின்னு கும்பிட்டுட்டு இங்கன வந்து கருவாடு திங்கிறீக. என் பொழப்புப் போகப் போகுது சார்!"

சாட்டோ எழுந்து நின்றார். கையில் கருவாடு, முகம் வெளிறிவிட்டது. கருவாட்டைத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார்: "அது உன் வீட்டுச் சாப்பாடு. உன் ஊர்ச் சாப்பாடு. நான் மிச்சம் வைக்கக்கூடாது."

"என் ஊர்ச் சாப்பாடா?"

"மீன், கருப்பட்டி." வேலிக்கு அப்பால் நின்ற பனைமரங்களைக் காட்டினார். "ராமநாதபுரம்."

"அய்யோ மாதாவே! எங்க ஊருல எவன் சார் மீன்ல கருப்பட்டி போடுவான்? அது உங்க ஊருச் சாப்பாடு! ஜப்பான்!"

"ஜப்பானா?" என்றார். எதையோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

நகமுரா கதையை முழுதாகச் சொன்னேன். ககோஷிமா என்ற பெயர் வந்ததும் அவர் வாயிலிருந்து ஒரு "ஆ" வந்தது. "ககோஷிமா..." என்றார். நாகநாதன் சார் "தங்கச்சிமடம்" என்று சொல்லும்போது ஒரு இளக்கார இழுப்பு வரும், அதே இழுப்பு. சாட்டோ ஜப்பானுக்கு வடக்கே, அகிதா என்கிற ஊர்க்காரர். அங்கே பனி கூரைவரை கொட்டுமாம். மாதக்கணக்கில் வெளியே போக முடியாது, ஆகவே மீனை உப்பில்தான் வைத்துச் சாப்பிடுவார்களாம். சுட்டால் மேலே உப்புப் பூத்து நிற்க வேண்டும், ஒரு துண்டுக்கு ஒரு கிண்ணம் சோறு இறங்க வேண்டும், அதுதான் மீன் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. என்ன ஏது என்று தெரியாமலே ஆயிஷா அக்காவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவி மனுசன், இத்தனை மாதமும் என்னை மதித்துத்தான் அந்தத் தட்டைக் காலி செய்திருக்கிறார். காலியாகக் காலியாக நான் வேறு அள்ளி அள்ளி வைத்திருக்கிறேன்.

சிரித்து முடித்தவர் என் கையைப் பிடித்துக் களத்து மூலைக்கு இழுத்துப் போனார். அங்கே ஒரு சிமெண்ட் தொட்டி. போன சீசனில் விலை போகாத சூடை மீன் உப்போடு உப்பாகக் கரைந்து, மேலே தெளிவாகப் பழுப்புத் தண்ணீர் நின்றது. தென்னைக்கு ஊற்றுவதற்கென்று ஆயிஷா அக்கா விட்டுவைத்திருந்தது. நாற்றத்தில் கிட்டே நிற்க முடியாது. சாட்டோ விரலை முக்கி நாக்கில் வைத்தார். "அகிதா" என்றார். அவர் அம்மா இதை வீட்டில் காய்ச்சி வைப்பாராம், குளிர்காலக் குழம்புக்கு உப்பே இதுதானாம்.

"அடி ஆத்தாடி, தென்னைக்கு வச்சதையா கேக்குறாக?" என்றார் ஆயிஷா அக்கா.

ஒரு குடம் மொண்டு வந்தோம். துணியில் வடித்துச் சட்டியில் ஏற்றினேன். முதல் கொதியில் சாம்பல் நிறத்தில் நுரை பொங்கியது. "எடு, எடு" என்று பக்கத்திலேயே நின்றார் சாட்டோ. நுரையை எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. நுரை அடங்கியதும் மறுபடி வடித்தோம், மறுபடி கொதிக்க விட்டோம். இரண்டாவது வடிப்பில் தேநீர் நிறத்துக்குத் தெளிந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் விட்டு, விளை மீன் துண்டு, வெங்காயத்தாள், முட்டைக்கோஸ் போட்டு ஒரு கொதி. மசாலா இல்லை, மிளகாய் இல்லை, சர்க்கரை சுத்தமாக இல்லை.

அதற்குள் கெஸ்ட் ஹவுஸ் முழுக்க அந்த வாடை ஏறிவிட்டது. நாகநாதன் சார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். வெளிநாட்டு விருந்தாளிக்கு மீன் வாடையே தெரியக்கூடாது என்று வாசலில் ஊதுவத்தி கொளுத்தி வைக்கிற மனிதர் அவர். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று ஆரம்பித்தவர், மேஜையில் சாட்டோவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சாட்டோ கும்பிடவும் இல்லை, ஓய்ஷி என்று சொல்லவும் இல்லை. குனிந்த தலை நிமிராமல் உறிஞ்சிச் சாப்பிட்டார். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொண்டார். கிண்ணம் காலியாகப் போயிற்று. கதவோரத்தில் புருவம் உயர்ந்தது. நான் கரண்டியோடு அசையாமல் நின்றேன். புருவம் இன்னும் உயர்ந்தது. சாட்டோ கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை மூடி வைத்து, ஆயிஷா அக்கா கற்றுக்கொடுத்த ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொன்னார்.

"போதும்!"

நாகநாதன் சார் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார். "என்னடா இது, போதுங்கிறாரு? பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு சார். அதான் போதுங்கிறாரு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கடைசிவரை விளங்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் சாட்டோ ஆபீஸுக்குப் பேசினார், ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டார். மெட்ராஸ் சமையல்காரனுக்கு வரவேண்டாம் என்று சேதி போயிற்று. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஞானத்திடம் சொல்லி அழுதேன், வெட்கமாக இல்லை. "நல்லவேளை, கடல் தப்பிச்சுச்சு" என்றாள் அவள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில நாள் கழித்துச் சாட்டோ போனும் கையுமாக அடுப்படிக்கு வந்தார். முகத்தில் திருட்டு முழி. விஷயம் இதுதான். வந்த புதிதிலேயே அவர் பெண்டாட்டிக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இந்த ஊர்க்காரர்கள் மீனில் கருப்பட்டி போடுகிறார்கள், பிரியமான விருந்தாளிக்கு அதைத்தான் வைப்பார்கள் என்று. கருப்பட்டியும் பார்சலில் போயிருக்கிறது. அந்த அம்மா விடாமல் செய்து பழகி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்து, இப்போது அந்தத் தெருவில் அதற்குப் பெயரே "ராமநாதபுரம்" ஆம்.

"உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே சார்?" என்றேன்.

"சொல்லத்தான் போன் பண்ணேன்" என்றார். "அவ ரொம்ப சந்தோசமா இருக்கா."

அதற்குள் போனில் அந்த அம்மா முகம் வந்துவிட்டது. உருண்டை முகம், வெள்ளைச் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் தலை தாழ்த்திக் கும்பிட்டு ஏதோ கேட்டார். சாட்டோ என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "உங்க வீட்டுல இதை என்னைக்கு செய்வீங்கன்னு கேக்குறா."

என் வேலையைக் காப்பாற்றித் தந்த மனுசன். என்ன சொல்லுவேன்? "கிறிஸ்துமஸுக்கு" என்றேன்.

நாக்கில் சனி என்பது இதுதான். அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று, நாங்கள் பிரியாணிக்கு உட்காருகிற நேரத்துக்குச் சரியாக வீடியோ கால் வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, மேஜையைக் காட்டச் சொன்னார் அந்த அம்மா. சங்கரா எங்கே என்று கேட்டார். இன்னும் இறக்கவில்லை என்று அந்த வருடம் சமாளித்தேன். மறு வருடம் சமாளிக்க முடியாது என்று செய்யவே செய்தோம். பிறகு ஒவ்வொரு வருடமும் செய்கிறோம். சாட்டோ ஊர் திரும்பினார், ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். வீடியோ கால் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே பனி, மேஜையில் அதே மீன். அந்த அம்மா பக்கத்தில் சாட்டோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரும் நானும் போனில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். பேரன் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து, "அம்மாச்சி, மீன் ஏன் இனிக்குது? எனக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளினான். மகள் துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தாள். போனில் அந்த அம்மா ஆவலாக எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருடா வருடம் அடுப்படியில் என்னைத் திட்டித் தீர்க்கிற ஞானம், தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தி வைத்து, உதடு பெரிதாக அசையாமல் சொன்னாள்:

"ஏலே, சிரிச்சுக்கிட்டே தின்னு. அந்தம்மா பாக்குது."